கிளாம்புக்குச் சந்தனம் பூசிய மறுநாள்

பேல் இரண்டு விரற்கடை கீழே இறங்கியதை முதலில் பார்த்தவள் நான்தான்.

என் ஃபோர்க்லிஃப்டின் இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவில், இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, நூற்றெழுபது கிலோ பஞ்சு பேல் ஒன்று, இறுக்கிக் கட்டிய பொதி, இருந்தது. பேலைச் சுற்றிக் கட்டிய கறுப்புப் பட்டை, அந்தக் கைகளின், அதாவது கிளாம்பின், மேல் விளிம்புக்கு மேலே தெரிந்துகொண்டிருந்தது. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தேன். பட்டையைக் காணவில்லை.

நான் எதையும் தொடவில்லை. கிளாம்பும் அசையவில்லை. பேல் மட்டும் இறங்கியிருந்தது.

வலப்பக்கம் இரண்டு அடுக்குகளுக்கு இடையில் இருந்த சந்தில் பேச்சியம்மாள் அக்கா நின்றிருந்தார். அடுக்கில் இருந்த பேல் ஒன்றின் உறையைக் கிழித்து, சாம்பிளுக்காகப் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தலையில் கட்டியிருந்த நீலத் துண்டு எனக்குத் தெரிந்தது.

இந்த வாரம் எழுதப்போவது முழுக்க அந்தச் சில நொடிகளைப் பற்றித்தான்.

வீரப் பெண்மணியின் வயிறு

நான் ஃபோர்க்லிஃப்ட் பழகிய கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ‘நீங்கள் ஒரு வீரப் பெண்மணி’ என்று எழுதியிருக்கிறார். இதையும் படித்துவிட்டு அவர் அந்தப் பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

உண்மையைச் சொன்னால், வண்டியில் ஏறிய முதல் நாளிலிருந்தே எனக்குப் பயம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் மில் பஸ் ஏறும்போதே வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும். மில் ராஜபாளையம் போகிற ரோட்டில் இருக்கிறது. பஸ் வாசலில் திரும்புவதற்குள் இரண்டு தடவை வேர்த்துக் கொட்டிவிடும்.

ஆனால் ஒருத்தருக்கும் காட்டிக்கொள்ள மாட்டேன். எங்கள் மில்லில் வண்டி ஓட்டிய முதல் பொம்பளை நான். ஆம்பளை டிரைவர் முகம் வாடினால் ‘ராத்திரி தூக்கமில்ல போல’ என்பார்கள். என் முகம் வாடினால் ‘இதுக்குத்தான் பொம்பளைகிட்ட வண்டியக் குடுக்கக் கூடாதுங்கது’ என்பார்கள். அதனால் சீட்டில் உட்கார்ந்ததும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வேன். நாலு வருஷம் அப்படியே ஓட்டினேன்.

வண்டிக்கு மாட்டுகிற கைகள்

ஃபோர்க்லிஃப்ட் என்றதும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நாக்குகள்தான் நினைவுக்கு வரும். அது ஒரு வேலைக்கு. நூல் பெட்டிகளைப் பலகையோடு தூக்க அந்த நாக்கு போதும். பஞ்சு பேலுக்கு அடியில் நாக்கை விட்டால் உறை கிழிந்து பஞ்சு கொட்டிவிடும். அதற்குத்தான் கிளாம்ப். இரண்டு அகலமான தகடுகள், உள்பக்கம் ரப்பர் ஒட்டியிருக்கும். இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்துத் தூக்கும். அடியில் தாங்கல் எதுவும் கிடையாது. பிடி ஒன்றுதான்.

கிளாம்ப் மாட்டினால் வண்டிக்கு முன்பக்கம் கனம் கூடிவிடும். வெறும் நாக்கில் தூக்குகிற பாரத்தை அப்போது தூக்கக் கூடாது. இதெல்லாம் வண்டியில் அடித்திருக்கும் தகட்டிலேயே போட்டிருக்கிறது. எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

முதல் வருஷத்தில் ஒரு நாள் குடோன் கூரை மோட்டில் விளக்கு அணைந்துவிட்டது. எலெக்ட்ரீஷியன் ஒரு பலகையை நாக்கில் வைத்து, அதன்மேல் ஏறி நின்றுகொண்டு, ‘தூக்கு எஸ்தரு’ என்றார். எல்லா மில்லிலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். நானும் புதுசு. தூக்கினேன்.

பாதி உயரம் போனபோது குருசாமி அண்ணாச்சி வந்துவிட்டார். குடோன் சூப்பர்வைசர். மகாராஜபுரத்துக்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர், கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அன்றைக்கு விசில்கூட ஊதவில்லை.

“மெதுவா எறக்கும்மா,” என்றார் என்னிடம்.

பலகை தரைக்கு வந்ததும் அண்ணாச்சி எலெக்ட்ரீஷியனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “ஏலே, நீ விழுந்தா ஒன் பொண்டாட்டிட்டப் போயி ஆரு சொல்லுதது? நீயா, நானா, இந்தப் புள்ளயா?”

அதற்குப் பிறகுதான் ஆள் ஏறுவதற்கென்றே நாலு பக்கமும் கம்பி அடைத்த கூண்டு ஒன்று வந்தது. தரையில் மஞ்சள் கோடும் அப்போது போட்டதுதான். வண்டி பாரத்தைத் தூக்கி நிற்கும்போது கோட்டுக்கு உள்ளே யாரும் நிற்கக் கூடாது.

பூஜை நாள்

ஆயுத பூஜை எங்கள் மில்லில் பெரிய விசேஷம். பள்ளிக்கூடத்து ஆண்டு விழா மாதிரி எல்லாரும் ஓடியாடிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொருத்தரும் அவரவர் மெஷினைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட வேண்டும். யார் மெஷின் அழகு என்று சொல்லாத போட்டி ஒன்று நடக்கும்.

நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள். ‘எஸ்தருக்கு இதெல்லாம் ஆகாதே, வண்டிய நாங்க பாத்துக்கிடுதோம்’ என்று முதல் வருஷம் ஒருத்தர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. என் வண்டியை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மற்றவர்களைவிட ஒரு படி கூடவே செய்துவந்தேன்.

பேல் நழுவிய அந்த வருஷம் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டேன். வீட்டில் அரிவாள்மனையைக் கழுவினால் துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவி வைப்போம் இல்லையா? அதே பழக்கம். ஒரு பாட்டில் எண்ணெயை எடுத்துக்கொண்டு பாரம் ஏறி இறங்கும் மாஸ்ட் கம்பி, கிளாம்பின் வெளிப்பக்கம் எல்லாம் தேய்த்தேன். உள்பக்கத்து ரப்பர் தூசி படிந்து வெளுத்துக் கிடந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று அதற்கும் தேய்த்தேன். கறுகறுவென்று மின்னியது. அதன்மேல் சந்தனத்தைக் குழைத்து மூன்று விரலால் இழுத்தேன்.

பேச்சியம்மாள் அக்கா வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். மம்சாபுரத்துக்காரர். இருபது வருஷம் நூல் நூற்கிற ஸ்பின்னிங் பிரிவில் நின்று, பிறகு குடோனுக்குச் சாம்பிள் எடுக்க வந்தவர். அந்த மெஷின் இரைச்சலில் அவருக்குக் காது பாதிக்கு மேல் போய்விட்டது. மில்லில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் எந்தத் தாளிலும் கிடையாது.

“ஏட்டி எஸ்தரு, வண்டிக்குக் கல்யாணமா?” என்று சத்தமாகக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை

பூஜை முடிந்த மறுநாள் காலை முதல் லாரி வந்தது. வண்டியை எடுப்பதற்குமுன் தினமும் ஒரு தாளில் டிக் போட வேண்டும். டயர், பிரேக், ஹாரன், சங்கிலி, கிளாம்ப் ரப்பர். கிளாம்ப் ரப்பருக்கு நேராக நான் பார்க்காமலே டிக் போட்டேன். நானே துடைத்ததை நானே எதற்குப் பார்க்க வேண்டும்?

முதல் லாரியில் துணி உறை போட்ட பேல்கள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது லாரியில் வந்தது வழவழப்பான பிளாஸ்டிக் உறை.

முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். பட்டை மறைந்ததும் கிளாம்பை இன்னும் நெருக்கப் பார்த்தேன். பிரஷர் முள் ஏற்கெனவே உச்சியில் நின்றது. அதற்குமேல் நெருக்க வழியில்லை. பேல் இன்னும் ஒரு விரற்கடை இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்தது.

ஹாரனை அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன். லாரிப் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீலத் துண்டு மட்டும் திரும்பவில்லை. அவருக்குக் கேட்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

நேராகக் கீழே இறக்கினால் பேல் அடுக்கின் விளிம்பில் இடித்து, சந்துக்குள் அவர் தலைமேலேயே விழும். பின்னால் நகர்ந்தால் நடுவில் காலி இடத்தில் விழலாம். பாரத்தை உயரத்தில் வைத்துக்கொண்டு வண்டியை நகர்த்தக் கூடாது, வண்டியே கவிழலாம். இதை எழுத இவ்வளவு நேரம் ஆகிறது. அங்கே யோசிக்க நேரமில்லை. கால் தானாக வண்டியைப் பின்னுக்கு எடுத்தது. “அக்கா” என்று கத்தினேனா, வாய் மட்டும் திறந்ததா என்று இன்றும் தெரியாது.

பேல் வழுக்கி விழுந்தது. பஞ்சு பேல் விழுந்த இடத்தில் கிடக்காது, எகிறும். தரையில் மோதி எகிறி, சந்தின் வாயில் போய் இடித்து நின்றது. நீலத் துண்டைக் காணவில்லை.

கழிவுப் பஞ்சு

அண்ணாச்சியும் லோடு இறக்கிக்கொண்டிருந்த நாலு பேரும் சந்தை நோக்கி ஓடினார்கள். ‘உசுரு இருக்கு, உசுரு இருக்கு’ என்று யாரோ கத்தினார்கள்.

நான் ஓடவில்லை. வண்டியை விட்டு இறங்குமுன் கிளாம்பைத் தரைக்கு இறக்க வேண்டும் என்பது விதி. விதிப்படி இறக்கினேன், சாவியை அணைத்தேன், இறங்கினேன். கிளாம்பின் உள்பக்கம் கையை வைத்தேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது. விரலில் எண்ணெயும் சந்தனமும்.

அந்த நிமிஷத்தில் நான் செய்ததை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. பக்கத்துக் கூடையில் கழிவுப் பஞ்சு இருந்தது. ஒரு பிடி அள்ளினேன். இரண்டு பக்கத்து ரப்பரையும் அழுத்தித் துடைத்தேன். துடைத்த பஞ்சைக் கூடையின் அடியில் திணித்தேன். அதற்குப் பிறகுதான் சந்துக்கு ஓடினேன்.

பேல் தள்ளியதில் பேச்சியம்மாள் அக்கா சுவரோரம் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. தோளருகே காறை எலும்பு முறிந்திருந்தது. இன்னும் ஓரடி முன்னால் நின்றிருந்தால் தலையில் இடித்திருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

ஆரஞ்சு

ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார முடியவில்லை. பாதியில் எழுந்து, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு நேராக அங்கே போனேன். அக்காவின் மகள் கிருஷ்ணன்கோவில் காலேஜில் படிக்கிறாள். நான் போனதும், டீ வாங்கி வருகிறேன் என்று அவள் வெளியே போனாள்.

“என் தப்புதாம்ட்டி,” என்றார் அக்கா. “கோட்டத் தாண்டி நின்னுட்டேன்.”

நான் ஆரஞ்சை உரித்தேன்.

“வெளிய நின்னு கையை நீட்டினா சாம்பிள் எட்டாது. அதுக்காவத்தான் எப்பவும் உள்ள போயிருதது. ஒனக்குத் தெரியும்லா?”

“தெரியும்க்கா.”

“வேற ஒண்ணுமில்லையே?”

“இல்லக்கா.”

சுளையை அவர் வாயில் வைத்தேன். சாறு அவர் கன்னத்தில் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சன்னலைப் பார்த்தேன். இப்படி ஒரு கோழையை நான் வேறு எங்கேயும் கண்டதில்லை.

கையெழுத்து

மறுநாள் காலை அண்ணாச்சி என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார். விபத்து அறிக்கை டைப் ஆகியிருந்தது. வண்டி சரியாக இருந்தது, பிரஷர் சரியாக இருந்தது, ஓட்டுநர் ஹாரன் அடித்தார், தொழிலாளி மஞ்சள் கோட்டுக்குள் நின்றார், ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை.

“கீழ ஒரு கையெழுத்துப் போடும்மா,” என்றார். அவர் முகமும் சரியாக இல்லை.

“அண்ணாச்சி, இது மேல போனா அக்காவுக்கு என்னாகும்?”

“காது டெஸ்டுக்கு அனுப்புவாக. பொறவு என்ன, வீட்டுக்குத்தான். இம்புட்டு நாளும் தெரிஞ்சே வச்சிருந்தேன். இனிமே என்னால மறைக்க ஏலாது.”

பேனாவை வாங்கினேன். கையெழுத்துப் போட்டால் என் வண்டி எனக்கு. போடாவிட்டால் நாலு வருஷமாக யார் வாயை அடைத்துவைத்திருந்தேனோ அவர்கள் எல்லாரும் வாயைத் திறப்பார்கள். பொம்பளை, அதுவும் வேற சாமி கும்பிடுகிற பொம்பளை, பூஜை போடுகிறேன் என்று ஆளைக் கொல்லப் பார்த்தாள் என்பார்கள்.

பிறகு அக்காவின் சம்பளத்தில் படிக்கிற அந்த மகள் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நீட்டியது கண்ணுக்குள் வந்தது. பேனாவை மேஜையில் வைத்தேன்.

“நாந்தான் அண்ணாச்சி. ரப்பர்ல தேங்காய் எண்ணெ தேய்ச்சேன்.”

அவர் அறிக்கையைக் கையில் எடுத்தார். “நானும்லா பாத்தேன்,” என்றார். “சூடம் காட்டும்போது பளபளன்னு இருக்கேன்னு சந்தோஷந்தான் பட்டேன். பேலு விழுந்த பொறவு ரப்பரத் தொட்டுப் பாத்தேனே, காஞ்சுல்ல இருந்துச்சு?”

“துடைச்சிட்டேன். எல்லாரும் அக்காகிட்ட ஓடினப்போ.”

அண்ணாச்சி அறிக்கையை இரண்டாகக் கிழித்தார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

“எண்ணெ தேய்ச்சது தெரியாத்தனம்,” என்றார். “அத நா எழுதிக்கிடுதேன். துடைச்சத நீயே ஒங்கையால எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தேன்.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

மூன்று மாதம் வண்டியைத் தொடக் கூடாது என்றார்கள். அதுவரை சாம்பிள் பிரிவில் வேலை. அக்காவின் வேலையை அவர் திரும்பி வரும்வரை நான் பார்க்க வேண்டும். குடோனில் என்னென்ன பேச்சு வரும் என்று பயந்தேனோ அத்தனையும் வந்தது. முகத்துக்கு நேராகவே வந்தது. சாகவில்லை, கேட்டுக்கொண்டேன்.

அக்காவின் காது விஷயமும் இனி ஒளிவுமறைவு இல்லை என்றானது. அண்ணாச்சி மேலே போய்ச் சண்டை போட்டு, அவரை வீட்டுக்கு அனுப்பவிடாமல் நிறுத்தினார். ஹாரனோடு சேர்ந்து எரிகிற சிவப்பு விளக்கு ஒன்று வண்டிக்கு வந்தது. கோட்டுக்கு வெளியே நின்றே சாம்பிள் எடுக்க நீளக் கொக்கி வந்தது. பூஜைக்குக் கிளாம்பின் உள்பக்கத்தைத் துணி கட்டி மூடிவிட வேண்டும் என்று ஒரு தாளும் ஒட்டினார்கள்.

கையைக் கழுத்தோடு தொட்டிலாகக் கட்டிக்கொண்டு அக்கா வேலைக்கு வந்தார். சாம்பிளுக்குச் சீட்டு எழுதுகிற லேசான வேலை. என் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். இரண்டு வாரம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு நாள் மாற்று ஓட்டுநர் கருப்பையா பேலைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் கோட்டுக்கு வெளியேதான் நின்றோம். ஆனாலும் அந்தப் பேல் தலைக்கு மேலே ஏற ஏற நான் பின்னால் நகர்ந்தேன். நாலு வருஷம் மேலேயிருந்து பார்த்ததைக் கீழேயிருந்து பார்க்கிறேன். சீட்டைப் போட்டுவிட்டு ஓடத் திரும்பினேன்.

நல்ல கையால் அக்கா என் சேலையைப் பிடித்தார்.

“ஓடாதட்டி. பேலப் பாக்காத, அவன் மூஞ்சியப் பாரு.”

“என்னக்கா?”

“எனக்கு எங்குன ஹாரன் கேக்கும்? வண்டியில இருக்கவுக மூஞ்சியப் பாத்துத்தான் இம்புட்டு நாளும் நிக்கேன். மூஞ்சி சரியா இருந்தா எல்லாம் சரியா இருக்கு.”

“அன்னைக்கும் பாத்தீகளா?”

“சும்மா தலயத் திருப்பினேன். ஒன் மூஞ்சி வெளுத்து, வாயப் பொளந்துக்கிட்டு இருந்த. நாலு வருசத்துல நீ பயந்து நான் பாத்ததே இல்ல. அதாம் என்னமோ ஏதோன்னு ஓரடி சுவத்துப் பக்கம் போனேன்.”

சேலையை அவர் இன்னும் விடவில்லை.

“விழுந்த பொறவும் பேல் ஓரமா தெரிஞ்ச ஒன் மூஞ்சியத்தாம்ட்டி பாத்துக்கிட்டுக் கெடந்தேன். எல்லாருக்கும் முன்ன நீ ஓடி வருவன்னு நெனச்சேன். நீ பஞ்ச அள்ளிக்கிட்டுக் கிளாம்புகிட்டப் போன.”

அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டு, ‘வேற ஒண்ணுமில்லையே’ என்று கேட்டபோதே அவருக்குத் தெரியும். நான் ஆரஞ்சை உரித்து முடிக்கும்வரை காத்திருந்திருக்கிறார்.

“மன்னிச்சிருங்கக்கா,” என்றேன்.

“பாப்போம்,” என்றார். சேலையை விட்டுவிட்டுச் சீட்டை எழுதப் போனார்.

இப்போது மறுபடியும் வண்டி ஓட்டுகிறேன். ஒவ்வொரு பேலையும் தூக்குமுன் அக்கா நிற்கிற பக்கம் திரும்புகிறேன். அவர் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் நெம்புகோலில் கை வைக்கிறேன். சில நாள் அவர் தலையாட்டத் தாமதமாகும். அப்போது என் உதடு நடுங்கும். முன்பு மாதிரி அதை அடக்குவதில்லை. நடுங்கட்டும், அக்காவுக்குத் தெரியட்டும் என்று விட்டுவிடுகிறேன்.